திடீர்னு 10 நாள் படுத்துட்டா வீடும் வேலையும் என்னாகும்? முன்கூட்டியே செய்ய வேண்டியவை இதோ!

டெங்கு காய்ச்சல், பைக் விபத்து, சொந்த ஊரில் ஒரு துக்கம்... எதுவும் சொல்லிவிட்டு வருவதில்லை. பல வீடுகளில் கரண்ட் பில், கேஸ், அப்பாவின் சுகர் மாத்திரை எல்லாமே ஒருவர் தலையில்தான் இருக்கும். அவர் படுத்துவிட்டால் மொத்த வீடும் ஸ்தம்பித்துவிடும். அதைத் தவிர்க்க என்ன செய்யணும்?

வீட்டில்...

* மின் இணைப்பு எண்: இது தெரிந்தால் யார் வேண்டுமானாலும் ஆன்லைனில் பில் கட்டலாம். எண்ணை எழுதி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டிவிடுங்கள்.

* சிலிண்டர்: டெலிவரிக்கு வருபவர் கேட்கும் ஓடிபி, பதிவு செய்த செல்போனுக்குத்தான் வரும். அந்த போன் ஆஸ்பத்திரியில் இருந்தால்? ஓடிபியைக் கேட்டுச் சொல்ல பக்கத்தில் ஆள் இருக்கணும்.

* ரேஷன்: கார்டில் பெயர் உள்ள மற்றவர்களும் கைரேகை வைத்துப் பொருள் வாங்கலாம். ஒருமுறை அவர்களையும் கடைக்கு அனுப்பிப் பழக்குங்கள்.

* பெரியவர்களின் மாத்திரை: பெயர், அளவு, வேளை மூன்றையும் எழுதி வையுங்கள். "அந்த வெள்ளை மாத்திரை" என்று சொன்னால் யாருக்கும் புரியாது.

* பிள்ளைகள்: வகுப்பு ஆசிரியர், வேன் டிரைவர் இருவரிடமும் இரண்டாவது போன் நம்பரைக் கொடுங்கள். பிள்ளையை அழைத்துப்போக வேறு யார் வரலாம் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

பணம் எடுப்பது எப்படி?

ஏடிஎம் பின், யுபிஐ பின் இரண்டையும் யாருக்கும் சொல்லக் கூடாது. அதற்குப் பதில் 'யுபிஐ சர்க்கிள்' வசதியில் வீட்டில் ஒருவரைச் சேர்க்கலாம். முழு அனுமதி கொடுத்தால், உங்கள் கணக்கிலிருந்து ஒருமுறைக்கு 5,000 ரூபாய், மாதம் 15,000 ரூபாய் வரை அவர் செலவு செய்யலாம். கணவன், மனைவி இருவரில் யார் வேண்டுமானாலும் இயக்கும் கூட்டுக் கணக்கில் ஒரு மாதச் செலவுப் பணத்தைப் போட்டு வைப்பதும் கைகொடுக்கும்.

வேலையில்...

* நீங்கள் மட்டுமே செய்யும் வேலைகளைப் பட்டியலிட்டு, எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று சக ஊழியர் ஒருவருக்காவது காட்டி வையுங்கள்.

* லீவு சொல்ல வேண்டிய மேலதிகாரியின் நம்பர் வீட்டிலும் இருக்கட்டும்.

* இஎஸ்ஐ உள்ளவர்கள் சம்பளம் போய்விடுமே என்று காய்ச்சலோடு வேலைக்கு ஓட வேண்டியதில்லை. உரிய 6 மாத காலத்தில் 78 நாட்களுக்குப் பங்களிப்பு செலுத்தப்பட்டிருந்தால், நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். ஆண்டுக்கு அதிகபட்சம் 91 நாட்கள் வரை பெறலாம். இஎஸ்ஐ மருத்துவரின் சான்று முக்கியம், வாங்கத் தவறாதீங்க.

முதல் வேலை இதுதான்

செல்போன் லாக் ஸ்கிரீனில் அவசரத் தொடர்பு எண், ரத்த வகை, அலர்ஜி விவரங்களைப் பதிவு செய்யுங்கள். போனைத் திறக்காமலே மற்றவர்கள் பார்க்கலாம். அடுத்து, "ஒரு வாரம் நான் வீட்ல இல்லைன்னா உங்களுக்கு எது தெரியாது?" என்று வீட்டில் கேளுங்கள். அவர்கள் சொல்வதை எழுதினாலே பாதி வேலை முடிந்தது.