பண்ணைப்புரம் கற்பிக்கும் பாடம்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில் அமைந்த சிறு பேரூர் பண்ணைப்புரம். தாம்பரம் வட்டாரத்து மாலைநேர வகுப்பு மாணவர்களுடன், மதுரை வரை இரயிலிலும் அப்பால் பேருந்திலுமாக நாம் அங்குச் சென்று, இசைஞானி இளையராஜா பிள்ளைப்பருவம் கழித்த இல்லத்தைக் கண்டோம். "இது பிறவி ஞானம்; நமக்கெல்லாம் வருமா?" என்றார் மாணவர் ஒருவர். இவ்வினாவுக்கு வரலாறே விடை கூறும்.

1943-ஆம் ஆண்டு டேனியல் இராமசாமி, சின்னத்தாயம்மாள் ஆகியோர்க்கு மகனாய்ப் பிறந்த இராசய்யாவே பின்னாளில் இளையராஜா ஆனார். அன்னை பாடிய நாட்டுப்பாடல்களே அவருக்கு முதற்பாடம். தமையனார் பாவலர் வரதராசன் பொதுவுடைமை இயக்க மேடைகளில் பாடிப் புகழ்பெற்றவர். 1958-இல் தேவிகுளம் இடைத்தேர்தலின்போது தோட்டத் தொழிலாளரிடையே அவர் குரல் முழங்கிற்று. அவருடைய குழுவில் சேர்ந்து ஊர்தோறும் சென்றதே தம்பியர் பெற்ற இரண்டாம் பாடம்.

வானொலிப் பெட்டியை விற்று அன்னை அளித்த பொருளுடன் அவர்கள் சென்னை வந்தனர். அங்கே, இருபத்தைந்து வயதை ஒட்டிய பருவத்தில், தன்ராஜ் மாஸ்டரிடம் மேலைநாட்டு இசையை எழுதவும் படிக்கவும் பயின்றார் இராசய்யா. இலண்டன் டிரினிடி இசைக் கல்லூரியின் கிதார்த் தேர்வில் தங்கப்பதக்கமும் பெற்றார். ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராயும் உழைத்தார். 1973-இல் மறைந்த பாவலர், 1976-இல் வெளிவந்த 'அன்னக்கிளி'யைக் காணக் கொடுத்துவைக்கவில்லை. 2025 மார்ச் 8-ஆம் நாள் இலண்டனில் இராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு இளையராஜாவின் 'வேலியண்ட்' சிம்பொனியை அரங்கேற்றியது.

தாயின் தாலாட்டுக்கும் அந்தச் சிம்பொனிக்கும் இடையே நிற்பவர் ஓர் ஆசிரியர். இருப்பது ஓர் எழுதுகோல். செவிச்செல்வம் வீட்டில் கிடைத்தது. எழுத்துச்செல்வத்தைத் தேடிச் சென்றே பெறவேண்டியிருந்தது.

நம் தெருக்களில் பறை முழக்கும் இளைஞர் தாளம் பிசகுவதில்லை. "இரத்தத்திலேயே ஊறியது" என்று அவர்களைப் புகழ்வோர் பலர். ஏட்டைக் கொடுத்து எழுதக் கற்பிப்போர் மிகச் சிலர். அப்புகழ்ச்சி அவர்தம் பயிற்சியையும் உழைப்பையும் மறைக்கிறது. சாவு வீட்டு வாசலிலேயே அவர்களை நிறுத்தியும் விடுகிறது. அக்கலைஞர் இசைக்கல்லூரியில் மாணவராயும், பின்னர் ஆசிரியராயும் அமரவேண்டாமா?

எனவே, இவ்வெள்ளிவிழா ஆண்டில் கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் நாம் நடத்தும் வகுப்புகளோடு இசைக்குறிப்பு வகுப்பொன்றும் தொடங்கப் பெரியோர் முன்வரவேண்டும். அவ்வகுப்பில் பறைக்கலைஞரும் ஆசிரியராய் அமரட்டும். திறமை நம் வீடுகளில் உண்டு. அதற்கு ஓர் ஆசிரியரைத் தேடித் தருவதே கல்விச் சங்கத்தின் கடன்.