கல்லில் பெயர்கள், எதிரே ஒரு சிறுவன்



நவம்பர் மாதத்தில் நாம் கல்லறைகளை மந்திரித்து, இறந்தோரின் பெயர்களைத் திருப்பலியில் வாசிக்கிறோம். பிரான்சு நாட்டு ஊர்களில் இம்மாதம் 11ஆம் நாள் வேறொரு பெயர்ப்பட்டியலின் முன் மக்கள் கூடுவார்கள். முதல் உலகப் போரில் அந்நாடு ஏறத்தாழ 14 இலட்சம் வீரர்களை இழந்தது. அதன்பின் சிற்றூர்தோறும் நினைவுச்சின்னங்கள் எழுந்தன. பெரும்பாலானவை, நாட்டுக்காக உயிர்நீத்தோரைப் போற்றின.

ஜான்த்தியூ என்னும் மலைக்கிராமத்தில் 1922இல் எழுந்த சின்னத்தில் போர்வீரனே இல்லை. பள்ளி அங்கியும் மரக்காலணியும் அணிந்த அனாதைச் சிறுவன் ஒருவன் நிற்கிறான். ஒரு கையில் தொப்பி. மறுகையை முறுக்கி நீட்டுகிறான், இறந்தோரின் பெயர்களுக்குக் கீழே பொறித்த சொற்களை நோக்கி: 'போர் சபிக்கப்படுக!'

அரசு அதிகாரிகள் அதைத் திறந்துவைக்க மறுத்தார்கள். அவ்வழியே செல்லும் படையினர் முகத்தைத் திருப்பிக்கொள்ளக் கட்டளை இருந்ததாகவும் சொல்வார்கள். ஆனால், அதை எழுப்பிய ஊர்த்தலைவர் ஜூல் கூத்தோ போர்க்களத்தில் நச்சுப்புகையால் பாதிக்கப்பட்டவர். அவரைக் கோழை என்று யார் சொல்வது?

சபிப்பது கிறித்தவருக்குத் தகுமா என நம்மில் சிலர் கேட்கலாம். அச்சிறுவன் எதிரியைச் சபிக்கவில்லை, போரைத்தான் சபிக்கிறான். 1917 ஆகஸ்டில் திருத்தந்தை 15ஆம் பெனடிக்ட், போரிட்ட நாடுகளின் தலைவர்களுக்கு மடல் எழுதி, அப்போரைப் பயனற்ற படுகொலை என்றார். இரு தரப்பும் செவிகொடுக்கவில்லை. அதன் பின்னும் போர் 15 மாதங்கள் நீடித்தது. பெயர்களும் நீண்டன.