கமுதி முதல் மதுரை வரை

சாத்தூரை அடுத்த இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் இன்று பல சாதியாரும் ஒன்றாகத் திரளுகின்றனர். ஆனால் அன்றைய இராமநாதபுரச் சீமையில் நாடார் மக்களுக்குப் பெருங்கோயில்களின் வாயில்கள் அடைபட்டிருந்தன.

1897-இல் அவர்களுள் சிலர் கமுதிக் கோயிலுள் நுழைந்தனர். பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். வழக்கு நடக்கையிலேயே, 1899 ஜூன் 6 அன்று, சிவகாசி தாக்கப்பட்டது. உயிர்கள் பல மாய்ந்தன. ‘நாங்கள் க்ஷத்திரியர்’ என்று நாடார்கள் வாதிட்டனர். 1908-இல் இலண்டன் பிரிவி கவுன்சிலும் அதனை ஏற்கவில்லை.

1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் ஆதிதிராவிடரும் நாடாரும் சேர்ந்தே மதுரை மீனாட்சி கோயிலுள் நுழைந்தனர். அவ்வாண்டே சட்டமும் துணை வந்தது. உயர்குலம் என்று வாதிட்டபோது திறவாத கதவு, எல்லார்க்கும் உரிமை என்றபோது திறந்தது.

தோளோடு தோள் நின்று தொழும் நாம் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பள்ளிவாசலுக்கு வெளியிலும் அவ்வரிசை கலையாதிருக்கின்றதா?