ஆல்பர்ட் எக்கா

ஆல்பர்ட் எக்கா (பிறப்பு: 27 டிசம்பர் 1942) 1971 இந்திய–பாகிஸ்தான் போரில் கங்காசாகரில் உயிர்நீத்த இந்தியத் தரைப்படை வீரர். லான்ஸ் நாயக் நிலையில் இருந்த அவருக்கு, நாட்டின் மிக உயரிய போர்க்கால வீர விருதான பரம்வீர் சக்கரம் மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. அந்தப் போருக்காக இவ்விருதைப் பெற்ற நால்வரில், கிழக்கு முனையில் போரிட்டவர் இவர் ஒருவரே.

இன்றைய ஜார்க்கண்டின் கும்லா மாவட்டத்தில் உள்ள ஜாரி, இவரது சொந்த ஊர். பெற்றோர் ஜூலியஸ் எக்கா, மரியம் எக்கா. தமிழோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்த திராவிட மொழியான குருக் பேசும் ஒராவோன் பழங்குடியில் பிறந்த கிறித்தவர். நல்ல ஹாக்கி ஆட்டக்காரர். 1962 டிசம்பரில் பீகார் ரெஜிமென்ட்டில் சேர்ந்தார். 1968-இல் 14-ஆம் கார்ட்ஸ் படையணி உருவானபோது அதற்கு மாற்றப்பட்டார்.

கங்காசாகர், திரிபுராவின் தலைநகர் அகர்தலாவுக்கு மேற்கே, அன்றைய கிழக்குப் பாகிஸ்தானுக்குள் இருந்த ரயில் நிலையப் பகுதி. அருகிலுள்ள அகௌராவைப் பிடிக்காமல் டாக்கா நோக்கி நகர வழியில்லை; கங்காசாகரை விட்டுவைத்து அகௌராவைப் பிடிக்கவும் முடியாது. பாகிஸ்தான் படை அங்கே கண்ணிவெடிகளும் பதுங்கு குழிகளுமாக வலுவாக வேரூன்றியிருந்தது. டிசம்பர் 3 மாலை மேற்கே பாகிஸ்தான் விமானங்கள் இந்தியத் தளங்களைத் தாக்க, போர் வெளிப்படையாகத் தொடங்கியது. அந்நாட்களிலேயே 14-ஆம் கார்ட்ஸ் கங்காசாகர்மீது பாய்ந்தது.

எக்கா, இடப்புறம் முன்னேறிய கம்பெனியில் இருந்தார். பதுங்கு குழி ஒன்றிலிருந்து சுட்ட இலகு இயந்திரத் துப்பாக்கி தோழர்களைச் சாய்ப்பதைக் கண்டு, தனியாளாக அதன்மேல் பாய்ந்தார். இருவரைப் பயனெட்டால் குத்திக் கொன்று அதை அடக்கினார். படுகாயம் பட்டும் நிற்கவில்லை. தோழர்களோடு ஒவ்வொரு பதுங்கு குழியாகக் கைப்பற்றிக்கொண்டே ஏறத்தாழ ஒரு மைல் முன்னேறினார். வடக்கு முனையில், காப்பரண் செய்யப்பட்ட கட்டடம் ஒன்றின் மேல்மாடியிலிருந்து நடுத்தர இயந்திரத் துப்பாக்கி சீறத் தொடங்கியது. தாக்குதல் தடைபட்டது. தவழ்ந்து சென்று கையெறி குண்டை உள்ளே வீசினார். ஒருவர் மாண்டார், ஒருவர் காயமடைந்தார். துப்பாக்கி மட்டும் ஓயவில்லை. பக்கச் சுவரில் ஏறி உள்ளே நுழைந்து, சுட்டுக்கொண்டிருந்தவரைப் பயனெட்டால் வீழ்த்திய பிறகே அது அடங்கியது. காயங்களின் கடுமையால் எக்கா அங்கேயே உயிரிழந்தார். அடிபட்ட உடலோடு இரண்டாம் முறையும் அவராகவே முன்வந்ததுதான் இந்த வீரத்தின் உயரம். அகௌரா டிசம்பர் 5 அன்று இந்தியப் படையிடம் வீழ்ந்தது.

ராஞ்சியின் மையச் சந்திப்பு இன்று ஆல்பர்ட் எக்கா சௌக். அவரது சிலையும் அங்கு உண்டு. 2000-இல் அஞ்சல்தலை வெளியானது. 2023 ஜனவரியில் அந்தமானின் தீவு ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

இத்தனை நினைவிடங்கள் இருந்தும் ஜாரியில் கல்லறை இருக்கவில்லை. போர்க்களத்திலிருந்து உடல் ஊருக்கு அனுப்பப்படவில்லை; அகர்தலா அருகே ஸ்ரீபள்ளி என்னும் எல்லையோரச் சிற்றூரில், உடன் மாண்ட வீரர்களோடு அடக்கம் செய்யப்பட்டது. அந்த இடம் பல பத்தாண்டுகளுக்கு அவரது மனைவி பலம்தினாவுக்குத் தெரியாது. பரம்வீர் சக்கரத்தை அளித்த நாடு, அவரை எங்கே புதைத்தது என்பதையும் அந்தக் குடும்பத்துக்கு அப்போதே சொல்லியிருக்க வேண்டும். 2015 டிசம்பரில் கல்லறை மண் என்று கலசம் ஒன்று கொடுக்கப்பட்டபோது, அது அந்த இடத்து மண்தானா என்பதற்கு உறுதி கேட்டுக் குடும்பத்தார் ஏற்க மறுத்தனர். 2016 தொடக்கத்தில் குடும்பத்தினரே திரிபுரா சென்று, ஸ்ரீபள்ளியில் வணங்கி, தங்கள் கண்முன் எடுத்த மண்ணை ஜாரிக்குக் கொண்டுவந்தனர்.