வலிப்பு நோயும் ஸ்டெம் செல் சிகிச்சையும்: ஓர் ஆய்வு

1. மருந்து எட்டாத இடம்

உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. பெரும்பாலோருக்கு மாத்திரையே போதும். மூன்றில் ஒரு பங்கினருக்கோ, தக்க மருந்துகளை மாற்றிமாற்றிக் கொடுத்தும் வலிப்பு அடங்குவதில்லை. பெரியவர்களில் இப்படி அடங்காதது பெரும்பாலும் மூளையின் டெம்போரல் மடலில், ஹிப்போகேம்பஸ் பகுதியில் தொடங்கும் வலிப்பு.

அதற்கு அறுவை சிகிச்சை உண்டு. கனடாவில் நடந்து 2001இல் வெளியான ஆய்வில், அறுவைக்கு ஒதுக்கப்பட்டவர்களில் 58 விழுக்காட்டினர் ஓராண்டு முடிவில் நினைவிழக்கச் செய்யும் வலிப்பிலிருந்து விடுபட்டிருந்தனர். மருந்தை மட்டும் நம்பியவர்களில் 8 விழுக்காட்டினரே. ஆனால் வெட்டி எடுப்பது ஞாபகசக்திக்குரிய திசுவை. இரு பக்கமும் நோய் இருந்தால் அந்த வழியும் அடைபடுகிறது.

2. தடுக்கும் நரம்பணுக்கள்

மூளையில் கிளர்ச்சியூட்டும் நரம்பணுக்களுக்குக் கடிவாளமாக இருப்பவை, காபா என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் இடைநரம்பணுக்கள். நோயுற்ற ஹிப்போகேம்பசில் இவற்றில் பல அழிந்துபோகின்றன. கருவின் மூளையில் ஒரு குறிப்பிட்ட மேட்டில் பிறக்கும் இவற்றின் முன்னோடி அணுக்களுக்கு ஓர் அரிய குணம் உண்டு: வளர்ந்த மூளைக்குள் வைத்தாலும் நகர்ந்து பரவி, அங்குள்ள நரம்பணுக்களோடு இணைப்பு ஏற்படுத்திக்கொள்கின்றன.

சான்பிரான்சிஸ்கோவில் ஸ்காட் பராபான் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் திருப்புமுனை என்பது என் கருத்து. வலிப்புள்ள எலிகளின் ஹிப்போகேம்பசில் இந்த முன்னோடி அணுக்களை வைத்தபோது வலிப்பு வெகுவாகக் குறைந்தது. மூளையின் மற்றொரு பகுதியான அமிக்டலாவில் வைத்தபோது எலிகளின் மிகையான துறுதுறுப்பு தணிந்தது, வலிப்பு குறையவில்லை. எந்த அணு என்பதோடு எந்த இடம் என்பதும் விளைவைத் தீர்மானிக்கிறது.

3. மனிதரிடம்

பலவகை அணுக்களாக மாறவல்ல ஸ்டெம் செல்களை மனிதக் கருவிலிருந்து ஜேம்ஸ் தாம்சன் 1998இல் பிரித்தெடுத்தார். அவ்வகைச் செல்களிலிருந்தே தடுக்கும் இடைநரம்பணுக்களை நியூரோனா என்னும் அமெரிக்க நிறுவனம் வளர்க்கிறது. 2022இல் முதல் நோயாளியின் ஹிப்போகேம்பசில் அவை ஒரே தவணையாகச் செலுத்தப்பட்டன. உடல் அவற்றை நிராகரிக்காதிருக்க எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்தும் வேண்டும். அதற்கும் தொற்று அபாயம் உண்டு.

முதல் இருவருக்கும் வலிப்பு 90 விழுக்காட்டுக்கு மேல் குறைந்ததாக அறிவிக்கப்பட்டது. நம்பிக்கை தரும் செய்திதான். எனினும் வலிப்பு தானாகவே கூடிக் குறையும் நோய். பொய்மருந்து பெற்றோரிடமும் கணிசமான குறைவு தெரியும். அணுக்களைச் செலுத்தாமல் பாவனை அறுவையை மட்டும் செய்த குழுவோடு ஒப்பிட்ட பிறகே தீர்ப்புச் சொல்ல முடியும்.

4. விற்கப்படுவது வேறு

எலும்பு மச்சையிலோ கொழுப்பிலோ எடுத்த அணுக்களை ரத்தநாளம் வழியாகவோ முதுகுத்தண்டு வழியாகவோ செலுத்தும் சிகிச்சைக்கும் மேலே சொன்னதற்கும் பெயரில் மட்டுமே ஒற்றுமை. அந்த அணுக்கள் ஹிப்போகேம்பசுக்குப் போய்த் தடுக்கும் நரம்பணுக்களாக மாறும் என்பதற்கு ஆதாரம் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதலும், ரத்தம் சார்ந்த சில நோய்களுக்கு அன்றி, முறையான ஆய்வுக்கு வெளியே ஸ்டெம் செல் சிகிச்சையை ஏற்கவில்லை. பணம் கேட்டு இந்த ஊசியைப் போட முன்வருவோரிடம் வலிப்புள்ள பிள்ளையை ஒப்படைக்காதீர்கள். நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.