பேத்தியோடு பயணம் போன கதாநாயகி: ஆங்கில நகர்ப்புற மிகுபுனைவில் முதிய பெண்கள், 1983–2022

1983இல் அமெரிக்காவின் பாண்டம் பதிப்பகம், அதுவரை யாரும் அறியாத ஆர். ஏ. மக்கவாயின் முதல் நாவலை வெளியிட்டது. பெயர் ‘டீ வித் த பிளாக் டிராகன்’. ஐம்பது வயது மார்த்தா மக்னமாரா, மகள் அழைத்தாள் என்று சான் பிரான்சிஸ்கோவுக்கு வருகிறார். வந்து பார்த்தால் மகளைக் காணவில்லை. மகள் கணினி நிரல் எழுதுபவர். வங்கிப் பணம் சம்பந்தப்பட்ட ஒரு மோசடியில் சிக்கியிருக்கிறார் என்பது போகப்போகத் தெரிகிறது. மார்த்தாவோ பிடில் வாசிப்பவர், ஜென் தியானம் பழகியவர், சட்டென்று சிரித்துவிடுபவர். தங்கிய ஓட்டலில் மேலண்ட் லாங் என்ற வயதான மனிதர் அவருக்குப் பழக்கமாகிறார். நிறையப் படித்தவர், தேநீரில் தீராத பிரியம் கொண்டவர், ஒரு காலத்தில் சீனத்து டிராகனாக இருந்து இப்போது மனித உடலுக்குள் முதுமையை உணரத் தொடங்கியிருப்பவர். இருவரும் சேர்ந்து தேடலில் இறங்குகிறார்கள்.

நகர்ப்புற மிகுபுனைவின் வரலாறு பெரும்பாலும் இதற்குச் சில ஆண்டுகள் கழித்தே தொடங்கப்படுகிறது. டெரி விண்ட்லிங் முன்னின்று தொகுத்த ‘பார்டர்லேண்ட்’ (1986), மினியாபொலிஸ் நகரத்து ராக் இசைக்குழுவைத் தேவதைகளின் போருக்குள் இழுத்துவிடும் எம்மா புல்லின் ‘வார் ஃபார் தி ஓக்ஸ்’ (1987) ஆகியவை தொடக்க நூல்களாகக் காட்டப்படுகின்றன. இரண்டிலும் நாயகர்கள் இளைஞர்கள். இன்றைய நகரம், அதன் தெருக்கள், அதன் தொழில்கள், அவற்றுக்குள் மாயம் என்பதே இந்த வகையின் இலக்கணம் என்றால், மக்கவாயின் நாவல் அதற்குள் முழுதாகப் பொருந்துகிறது. தொடக்கத்தை 1983க்கு நகர்த்தினால் வரலாற்றின் முகமே மாறிவிடுகிறது. இந்த வகை ஓர் ஐம்பது வயதுத் தாயோடு பிறந்தது. பிறகு அவரை வெளியே அனுப்பிவிட்டது. ஏன் அனுப்பியது, எந்த வழியாக அவர் திரும்பி வந்தார் என்பதே இக்கட்டுரையின் விசாரணை.

மார்த்தாவை முழு நாயகியாகக் கொள்ள ஒரு தடை உண்டு. நாவலின் முன்பாதியில் தேடுபவராக இருப்பவர், பின்பாதியில் கடத்தப்பட்டு, தேடப்படுபவராகிவிடுகிறார். கதையின் கடிவாளம் லாங்கின் கைக்குப் போகிறது. ஆனால் 1986இல் வந்த தொடர்ச்சியான ‘ட்விஸ்டிங் த ரோப்’ நூலில் மக்கவாய் இன்னும் துணிச்சலான ஓர் அடி வைக்கிறார். அங்கே மார்த்தா ஓர் இசைக்குழுவின் தலைவி, ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போகிறார், கூடவே தன் சிறு பேத்தியையும் அழைத்துப் போகிறார். குழுவில் ஒருவர் கொலையாகிறார். பாட்டி, பேத்தி, பிடில், கொலை என்ற இந்தச் சேர்க்கைக்கு அதன் பிறகு நெடுங்காலம் வாரிசு பிறக்கவில்லை. எனக்கு இது பெரிய இழப்பாகவே படுகிறது. குழந்தையைக் கையில் பிடித்தபடியும் சாகசம் செய்யலாம் என்று காட்டிய நூல் அது.

இதே காலத்தில் முதிய பெண் மிகுபுனைவில் இல்லாமல் இல்லை. சொல்லப்போனால் 1980கள் அவருக்கு நல்ல காலம்தான். அதற்கான சிந்தனை விதையை அர்சுலா லெ குவின் 1976லேயே ஊன்றியிருந்தார். மாதவிடாய் நின்றுபோவதைப் பற்றிய ‘த ஸ்பேஸ் குரோன்’ கட்டுரையில், வேற்றுக்கோள் வாசிகள் மனித இனத்தை அறிந்துகொள்ள ஒரே ஒருவரைக் கேட்டால், அறுபது தாண்டிய, கடையிலோ சந்தையிலோ நின்று விற்கும் ஒரு சாதாரணக் கிழவியைத்தான் அனுப்ப வேண்டும் என்று வாதிட்டார். கன்னிமை, தாய்மை, முதுமை என்று எல்லா மாற்றங்களையும் உடலால் கடந்து வந்தவர் அவர் ஒருவரே என்பது வாதத்தின் சாரம். 1990இல் வந்த ‘டெஹானு’வில் லெ குவின் இதைக் கதையாகவே செய்தார். 1971இல் ‘த டூம்ஸ் ஆஃப் அடுவான்’ நாவலில் சிறுமிப் பூசாரியாக வந்த டெனார், இங்கே ஒரு பண்ணைக்காரரின் விதவை. தீக்காயத்தோடு கைவிடப்பட்ட ஒரு குழந்தையை எடுத்து வளர்க்கிறார். பெரும் மந்திரவாதியான கெட் சக்தியை இழந்து அவர் வீட்டு வாசலுக்கு வந்து சேர்கிறார்.

டயானா வின் ஜோன்ஸின் ‘ஹௌல்ஸ் மூவிங் காஸில்’ (1986) இன்னொரு கோணம். தொப்பிக் கடையில் வேலை பார்க்கும் இளம்பெண் சோஃபியை ஒரு சூனியக்காரி கிழவியாக்கிவிடுகிறாள். சாபம்தான், ஆனால் கிழவியானதும் சோஃபிக்கு வாய் வந்துவிடுகிறது. இளம்பெண்ணாகக் கூசி ஒதுங்கியவள், மந்திரவாதியின் வீட்டுக்குள் அழைக்காமலே நுழைந்து அதிகாரம் செய்கிறாள். முதுமை ஒரு சுதந்திரம் என்பதை இவ்வளவு லேசாகச் சொன்ன கதை குறைவு. என்றாலும் கடைசியில் சாபம் நீங்கத்தான் செய்கிறது.

டெரி பிராட்செட்டின் கிரானி வெதர்வாக்ஸுக்கு அப்படி எந்தச் சாபமும் இல்லை, அவர் கிழவியேதான். ‘ஈக்வல் ரைட்ஸ்’ (1987) நாவலில் அறிமுகமாகி, 2015இல் ‘த ஷெப்பர்ட்ஸ் கிரௌன்’ நூலில் இறக்கும்வரை, பிராட்செட்டின் கற்பனை உலகத்தின் மிக வலிமையான ஆள் அவர்தான் என்று வாதிடலாம். அவருடைய இருப்பிடம் மலைக்கிராமம். ஆனால் அவர் நகரத்துக்கு இறங்கி வரும் இடங்கள்தான் நம் ஆய்வுக்கு முக்கியம். ‘மாஸ்கரேட்’ (1995) நாவலில் தோழி நானி ஆக் எழுதிய சமையல் புத்தகம் நகரத்தில் சக்கைப்போடு போடுகிறது. எழுதியவருக்கோ சொற்பக் காசுதான் கிடைத்திருக்கிறது. கணக்கு கேட்க கிரானி பதிப்பாளர் முன் போய் உட்காருகிறார். மந்திரம் எதுவும் பெரிதாகத் தேவைப்படவில்லை. பேரம் பேசத் தெரிந்த, யாருக்கும் அஞ்சாத ஒரு கிழவி நகர வியாபாரிக்கு எதிரே உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அந்த ஒரு காட்சி போதும். ஆயினும் அவர் விருந்தாளியாகவே வந்து போகிறார். நகரத்தின் இரவுத் தெருக்கள் வேறு யாருக்கோ காத்திருந்தன.

அந்த வேறு யாரோ 1993இல் வந்தார். லாரல் கே. ஹாமில்டனின் ‘கில்டி பிளஷர்ஸ்’ நாவலின் அனிதா பிளேக், செயின்ட் லூயிஸ் நகரத்தில் செத்தவர்களை எழுப்புவதைத் தொழிலாகக் கொண்டவர். வயது இருபதுகளின் நடுவில். இங்கே அச்சு உருவாகிறது. துப்பறியும் நாவலின் தனியன், அதாவது குடும்பப் பிடி எதுவும் இல்லாத, யாருக்கும் நள்ளிரவில் பதில் சொல்ல வேண்டாத துப்பறிவாளர், பெண்ணாக மறுபிறவி எடுக்கிறார். அதோடு காதல் தொடர்கதையின் விதிகளும் சேர்ந்துகொள்கின்றன. 1997இல் தொடங்கிய ‘பஃபி’ தொலைக்காட்சித் தொடர் நாயகியின் வயதைப் பள்ளிப் பருவத்துக்கே இறக்கியது. சார்லைன் ஹாரிஸ், கிம் ஹாரிசன், பாட்ரிசியா பிரிக்ஸ் என்று 2000களில் வரிசையாக வந்தவர்களின் நாயகிகள் எல்லாம் இளையவர்கள். முதிய பெண் வாசகருக்குப் பிடிக்காதவர் என்று யாரும் நிரூபித்ததில்லை. அச்சுக்குள் அவர் அடங்கவில்லை, அவ்வளவுதான். படுக்கையில் கிடக்கும் தகப்பன், பிரசவத்துக்கு வந்த மகள், மாத்திரை நேரம் என்று பிடிகள் உள்ள ஒருவர் பின்னிரவில் கல்லறைக்குப் போவது எப்படி என்று யோசிக்க அந்த அச்சில் இடமே இல்லை.

இதில் ஒரு வஞ்சனையும் இருக்கிறது. இந்த நாவல்கள் முதுமையை வெறுத்தவை அல்ல. நாயகியரின் காதலர்கள் நூறு, இருநூறு வயதுக்காரர்கள். சார்லைன் ஹாரிஸின் நாயகி சூக்கி ஸ்டாக்ஹவுஸின் காதலன் பில், அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட வீரன். ஆணுக்கு வயது கவர்ச்சி. சுருக்கம் மட்டும் விழக்கூடாது. அவர்கள் வரும் நாவலில், அதாவது ‘டெட் அன்டில் டார்க்’ (2001) கதையில், சூக்கியை வளர்த்த பாட்டி அடீல் தன் சமையலறையிலேயே கொல்லப்படுகிறார். உள்நாட்டுப் போரின் நினைவுகளைப் பில்லிடம் ஆசையாகக் கேட்ட அந்தப் பாட்டிக்கு வேறு கதை இருந்திருக்கலாம். நாயகி தனியாளாக வேண்டுமென்று கதை அவரைப் பலி கேட்டது.

பாட்டியின் சாவு அச்சின் விதி என்றால், அந்த விதியையே திருப்பிப் போட்டவர் ஜமைக்காவில் பிறந்து கனடாவில் எழுத்தாளரான நாலோ ஹாப்கின்சன். ‘பிரவுன் கேர்ள் இன் த ரிங்’ (1998) நாவலின் டொராண்டோ, அரசும் பணக்காரர்களும் கைவிட்டு ஓடிப்போன நகரம். அங்கே ரிவர்டேல் பண்ணையில் குரோ-ஜான் என்ற பாட்டி வைத்தியம் பார்க்கிறார். நகரம் கைவிடப்படும் முன் அவர் தாதி. இப்போது நவீன மருந்தும் தெரியும், பச்சிலையும் தெரியும், கரீபியத் தெய்வங்களை அழைக்கவும் தெரியும். நாயகி அவருடைய பேத்தி டீ-ஜான்தான். இங்கேயும் பாட்டி கொல்லப்படுகிறார். ஆனால் எதற்காக? மாகாணப் பிரதமருக்கு மாற்று இதயம் தேவைப்படுகிறது. நகரத்தின் தாதா ஆள் வைத்து இதயத்தைப் பறிக்கிறான். பறித்த இதயம் பிரதமரின் மார்புக்குள் போகிறது. போனது சும்மா கிடக்கவில்லை. கிழவியின் உயிர் அந்த உடம்பை உள்ளிருந்து ஆட்கொள்கிறது. பிரதமர் புதிய எண்ணங்களோடு கண்விழிக்கிறார். ஏழைகளின் உடலை உறுப்புக் கிடங்காகப் பார்க்கும் அதிகாரத்துக்குள், பலியான பாட்டியே ஆட்சி செய்யப் போகிறார் என்ற இந்தக் கற்பனைக்கு இணையாக இந்த வகையில் வேறொன்றை நான் படித்ததில்லை.

ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் ஹாப்கின்சன் பாட்டியை நேரடியாகவே நாயகியாக்கினார். ‘த நியூ மூன்ஸ் ஆர்ம்ஸ்’ (2007) ஒரு கற்பனைக் கரீபியத் தீவில் நடக்கிறது. நகரம் என்று கண்டிப்பாகச் சொல்ல முடியாது. ஆனால் இன்றைய வாழ்வுக்குள் மாயம் என்ற இலக்கணம் பொருந்துவதால் இந்த வரிசையில் அது இடம்பெற்றே தீர வேண்டும். ஐம்பதைத் தாண்டிய கலாமிட்டி, நோயுற்ற தந்தையைப் பார்த்துக்கொண்டிருந்து, அவரை அடக்கம் செய்யும் நாளில் கதைக்குள் வருகிறார். பேரனும் உண்டு. மாதவிடாய் நிற்கும் பருவத்தில் உடம்பெல்லாம் அனல் பரவுமே, அந்த அனல் எழும்போதெல்லாம் அவர் சிறுவயதில் தொலைத்த ஏதோவொரு பொருள் எங்கிருந்தோ வந்து விழுகிறது. ஒரு நாள் ஒரு முந்திரித் தோப்பே வந்து நிற்கிறது. அந்த உடல் நிகழ்வே இங்கே மாயத்தின் இயந்திரமாகிறது. லெ குவின் கட்டுரையாக வாதிட்டது இங்கே தோப்பாக முளைக்கிறது. கலாமிட்டி நல்லவர் என்றும் சொல்லிவிட முடியாது. முன்கோபி, மகளோடு ஓயாத சண்டை, ஓரினக் காதலர்கள் மீது கசப்பு. முதிய பெண் என்றால் ஞானி என்ற பழைய உபசாரத்தை ஹாப்கின்சன் அவருக்குச் செய்யவில்லை. இது அந்த நாவலின் ஆகப் பெரிய மரியாதை.

டான்யா ஹஃபின் ‘த என்சான்ட்மென்ட் எம்போரியம்’ (2009) போன்றவற்றில் அத்தைமார்கள் குடும்பத்தையே ஆட்டிப்படைக்கிறார்கள். மையம் இன்னும் இளம்பெண்தான்.

அச்சு உடைந்தது 2020இல், இரண்டு வாசல்கள் வழியாக. முதல் வாசல் வணிகம். அந்த ஆண்டு பெண் எழுத்தாளர்கள் 13 பேர் கூட்டாக ஒரு முத்திரையை அறிவித்தார்கள்: நாற்பதும் அதற்கு மேலும் வயதுள்ள நாயகியர், மணமுறிவு, மூட்டுவலி, வளர்ந்த பிள்ளைகள், அவற்றோடு மாயம். கே. எஃப். பிரீனின் ‘மேஜிக்கல் மிட்லைஃப் மேட்னெஸ்’, ஷானன் மேயரின் ‘மிட்லைஃப் பௌண்டி ஹன்டர்’ ஆகியவை இந்த அலையில் வந்தவை. மின்னூலைத் தாமே வெளியிடும் வசதி 2007இலிருந்தே அமேசானில் இருந்தது. பதிப்பாசிரியரின் அனுமதிக்குக் காத்திராமல் வாசகரிடம் நேரே போய்ச் சேரும் பாதையில்தான் இந்தத் துணிச்சல் சாத்தியப்பட்டது என்று கருதுகிறேன். குறையும் சொல்ல வேண்டும். நாற்பது வயதை முதுமையின் வாசலாகக் காட்டுவது எனக்கு உடன்பாடில்லை. பல கதைகளில் காதல் சூத்திரமும் பழையதேதான்.

இரண்டாம் வாசல் இலக்கியம். அதே 2020இல் வந்த என். கே. ஜெமிசினின் ‘த சிட்டி வி பிகேம்’ நாவலில் நியூயார்க்கின் ஒவ்வொரு பகுதியும் ஒரு மனிதராக விழித்தெழுகிறது. பிராங்ஸ் பகுதி, பிரான்கா என்ற பெண். லெனாபே பழங்குடி, பெண்ணை விரும்பும் பெண், அறுபதைக் கடந்தவர், ஒரு கலை மையத்தின் இயக்குநர். நகரங்களின் வரலாற்று அறிவு முழுவதும் விழித்தெழுந்த அந்தக் குழுவில் அவருக்கே இறங்குகிறது. பகை சக்தியை அவர் முதலில் எதிர்கொள்ளும் இடம் அந்தக் கலை மையத்தின் கழிப்பறை. யாரையும் துணைக்கு அழைக்காமல் தனியாகவே நின்று விரட்டுகிறார். ஒருவர் கூப்பிட்டதும் மற்றவர்களோடு சேர்ந்துவிடவும் அவர் தயாராக இல்லை. வாழ்நாள் முழுக்கப் போராடிக் களைத்தவருக்கு இன்னொரு போர் எதற்கு என்ற அவருடைய தயக்கத்தை ஜெமிசின் முழு நியாயத்தோடு எழுதுகிறார். அந்த மண்ணின் ஆதிகுடியே அந்த நகரத்தின் நினைவு என்பதால், இங்கே முதுமை தனிமனிதச் செய்தியாக நிற்பதில்லை. அடுத்த ஆண்டே ஜென் சோவின் ‘பிளாக் வாட்டர் சிஸ்டர்’, பினாங்கின் ஜார்ஜ் டவுனில், இறந்தும் அடங்காத ஒரு பாட்டியைப் பேத்தியின் தலைக்குள் குடியேற்றியது. குரோ-ஜான் போட்ட பாதை அங்கே வரை நீண்டிருக்கிறது.

இந்த இரு வாசல்களையும் ஒப்பிடும்போது எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும், ஏனெனில் இது தொடர்கதைகளால் வாழும் வகை. மார்த்தாவுக்குக் கிடைத்தவை இரண்டு நூல்கள். கலாமிட்டிக்கு ஒன்று. ஜெமிசின் மூன்றாகத் திட்டமிட்டதை 2022இல் ‘த வேர்ல்ட் வி மேக்’ நூலோடு இரண்டில் முடித்துக்கொண்டதால் பிரான்காவுக்கும் இரண்டுதான். அனிதா பிளேக்கின் தொடரோ இருபத்தைந்து நூல்களைக் கடந்துவிட்டது. ஒரு நாயகியோடு வாசகர் ஆண்டுக்கணக்கில் கூட வாழும் அந்த நீளத்தை இந்த வகையில் நாற்பது தாண்டிய பெண்ணுக்குப் பெற்றுத் தந்தவை, விமர்சகர்கள் பொருட்படுத்தாத 2020இன் வணிக நாவல்கள்தான். பிரீனின் தொடர் ஐந்து நூல்களைக் கடந்து ஓடுகிறது. இலக்கிய வாசலில் வந்த நாயகியருக்கு அந்த நீளம் இன்னும் கிடைக்கவில்லை. அறுபதுகளில் இருக்கும் ஒருவர் பத்து நூல்களில் தொடர்ந்து வயதாகிக்கொண்டே போகும் நகர்ப்புறத் தொடர் இனிமேல்தான் எழுதப்பட வேண்டும்.