புற்றும் மணலும்: ஓர் அச்சத்தின் வரலாறு

நோய்க்கு வரலாறு உண்டு என்பதை நாம் அறிவோம். நோயைப் பற்றிய அச்சத்திற்கும் அவ்வாறே ஒரு வரலாறு உண்டு. குமரி மாவட்டத்துக் கடலோர ஊரொன்றில் ஒருவர் தம் கழுத்தில் தட்டுப்படும் சிறு கட்டியைத் தடவித் தடவிப் பார்த்து உறக்கம் இழக்கிறார் என்றால், அதில் அவருடைய மனத்தின் பங்கும் உண்டு. நூறாண்டுகளுக்கு மேலாக இம்மண்ணில் சேர்ந்துவந்த செய்திகளின் பங்கும் உண்டு. அச்சத்தோடு வாழ வேண்டியவர்கள் அதன் பிறப்பை அறிந்திருத்தல் நல்லது.

கிரேக்க மருத்துவர்கள் இந்நோய்க்கு நண்டின் பெயரைச் சூட்டினர். தமிழ் இதனைப் புற்று என்றது. வெளியே அசைவற்ற மண். உள்ளே பாம்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இவ்வச்சத்தின் இயல்பை இதைவிடப் பொருத்தமாக ஒரு சொல்லில் அடக்குதல் அரிது. அதனாலேயே போலும், பெயரைச் சொல்லத் தயங்கி ‘அந்த நோய்’ என்று பலர் சுட்டிப் பேசுகின்றனர். திருவனந்தபுரத்தில் 1981இல் தோன்றிய மண்டலப் புற்றுநோய் மையத்தை மக்கள் ஆர்.சி.சி. என்பர். ஒருவர் ‘ஆர்.சி.சி.க்குப் போயிருக்கிறார்’ என்றால் போதும். கேட்டவர் மேற்கொண்டு எதுவும் வினவுவதில்லை.

இந்நோயைப் பற்றி இம்மண்ணிலிருந்து எழுந்த முதற்செய்திகள் நெய்யூரிலிருந்து சென்றவை. அங்கு இலண்டன் மிஷன் சங்கத்தின் மருத்துவப் பணி 1838இல் தொடங்கிற்று. அம்மருத்துவமனையைச் சேர்ந்த பென்டால் என்னும் மருத்துவர், திருவிதாங்கூரில் கண்ட 1,700 புற்றுநோயாளரைப் பற்றி 1908இல் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதினார். வாய்ப்புற்றே அவற்றுள் மிகுதி. எவரெஸ்ட் சிகரத்தில் ஏற முயன்ற குழுவில் 1922இலும் 1924இலும் இடம்பெற்ற சாமர்வெல், பின்னர் நெய்யூரின் அறுவை மருத்துவராகப் பல்லாண்டு உழைத்தவர். அவர் காலத்திலேயே அங்கு ரேடியம் கொண்டு புற்றுக்கு மருத்துவம் செய்தனர். 1933இல் நெய்யூர் மருத்துவர் ஆர், வெற்றிலை மெல்லுவோரின் வாய்ப்புற்றைப் பற்றி ‘லான்செட்’ இதழில் ஆய்வுரை வெளியிட்டார். வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் புகையிலையும் சேர்ந்த உருண்டையைக் கன்னத்தில் அடக்கி வைப்போர்க்கு நேரும் கேட்டை உலக மருத்துவம் கற்ற இடங்களுள் நம் நெய்யூரும் ஒன்று.

ஏறத்தாழ அதே காலத்தில், அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், வேறொரு கதை தொடங்கிற்று. திருவிதாங்கூரிலிருந்து ஜெர்மனிக்குச் சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்த ஷோம்பெர்க் என்னும் வேதியியலார், அதில் மோனசைட் இருக்கக் கண்டார். 1909இல் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அதன் இருப்பிடம் தெரியவந்தது. மோனசைட்டில் தோரியம் உண்டு. அக்காலத்து வாயு விளக்குகளின் வலைத்திரி வெள்ளொளி வீசியது இத்தோரியத்தால்தான். அன்று அம்மணலைக் கண்டு அஞ்சியவர் இலர். கதிர்வீச்சு என்பது நெய்யூரில் மருந்தாகவும் மணவாளக்குறிச்சியில் வணிகப் பொருளாகவும் இருந்தது.

1945இல் ஹிரோஷிமாவும் நாகசாகியும் எரிந்தபின் அச்சொல்லின் பொருள் மாறிற்று. 1986இல் செர்னோபிலும், 2011இல் புகுஷிமாவும், அதே ஆண்டில் இடிந்தகரையில் மூண்ட கூடங்குளம் போராட்டமும் அச்சத்தை நம் வீட்டு வாயிலுக்கே கொணர்ந்தன. கிள்ளியூர் வட்டத்தில் 1,144 எக்டேர் பரப்பில் மணல் எடுக்கும் திட்டத்திற்கு எதிராக 2024இல் கடலோர மக்கள் திரண்டபோது அவர்கள் வாயில் முதலில் வந்த சொற்களுள் புற்றுநோயும் ஒன்று.

இவ்வச்சத்திற்கு அறிவியல் கூறும் விடை என்ன? இதே வகை மணல் படிந்த கருநாகப்பள்ளியில் ஆர்.சி.சி. ஒரு பெரும் ஆய்வை நடத்திற்று. 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், 2005 முடிய 1,379 பேர்க்குப் புற்றுநோய் கண்டது. மிகுந்த இயற்கைக் கதிர்வீச்சில் வாழ்ந்தோர்க்குப் புற்றுநோய் மிகுதியாக வரவில்லை என்பது 2009இல் வெளியான முடிவு. மணல்மேல் பிறந்து மணல்மேல் வாழ்வோர்க்கு இஃது ஆறுதலான செய்தி. எனினும் அது இயற்கையாகக் கிடக்கும் மணலைப் பற்றிய ஆய்வு. தோண்டிப் பிரித்தெடுக்கும் தொழிலில் எழும் தூசியைப் பற்றியும், அங்கு உழைப்போர் நலத்தைப் பற்றியும் மக்கள் கேட்கும் கேள்விகளுக்கு அதுவே முழு விடையாகாது. அக்கேள்விகளைக் கேட்பது மக்களின் உரிமை.

ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஐயத்திற்கு இடமுள்ள மணலை நாம் நூறு முறை அஞ்சுகிறோம். ஐயத்திற்கு இடமற்ற புகையிலையை ஒருமுறையும் அஞ்சுவதில்லை. புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றை விளைவிக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1985இலேயே உறுதிசெய்தது; புகையிலை இல்லாவிடினும் பாக்கே தீங்கானது என்று 2004இல் அறிவித்தது. ஆனால் வெற்றிலைச் செல்லம் நம் முற்றத்துப் பொருள். விருந்தினரை வரவேற்கும் கை அதில் படிந்திருக்கிறது. பழகியதைக் கண்டு மனம் அஞ்சுவதில்லை. கண்ணுக்குத் தெரியாததும் பிறர் கொணர்ந்ததுமே அதற்கு அச்சந் தருவன.

அச்சம் மனத்தில் நிலைகொண்டால் அதுவே தனி நோயாகிறது என்பதை மருத்துவம் ஏற்றுள்ளது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் பழைய பெயரை நீக்கி, 2013இல் இதற்கு நோய்ப் பதற்றம் என்னும் பொருளில் புதுப்பெயர் தந்தது. இதன் போக்கு எளிதில் விளங்கக் கூடியது. கட்டியை நாள்தோறும் அழுத்திப் பார்ப்பதால் அது வலிக்கிறது. வலியால் அச்சம் வளர்கிறது. அச்சத்தால் மீண்டும் அழுத்துகிறோம். ‘ஒன்றுமில்லை’ என்று மருத்துவர் சொல்லும்போது ஆறும் மனம், சில நாட்களில் வேறொரு மருத்துவரிடமும் வேறொரு ஸ்கேனுக்கும் ஓடுகிறது. இன்னொரு சாரார் இதே அச்சத்தால் மருத்துவமனை வாயிலையே மிதிப்பதில்லை. தீர்ப்பைக் கேட்க அஞ்சி, ஆறாத புண்ணைத் திங்கட்கணக்கில் மறைத்து வைப்பர். ஒருவர் நாளும் ஓடுகிறார், மற்றவர் அசைய மறுக்கிறார். இருவரையும் ஆட்டுவது ஒரே அச்சம்தான். முன்னவர்க்கு மனநல ஆலோசனை பயன் தருகிறது. பின்னவர்க்கு வேண்டுவது, கண்டறிதல் என்பது தீர்ப்பன்று என்னும் தெளிவு.

அத்தெளிவுக்குச் சான்று நம் அண்டையிலேயே உண்டு. 1996இல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற நலப்பணியாளர் வீடுவீடாகச் சென்று, வாயைத் திறக்கச் சொல்லி வெளிச்சத்தில் பார்த்தனர். பெரிய கருவி எதுவும் அவர்களிடம் இல்லை. பல ஆண்டுகள் இது தொடர்ந்தது. புகையிலையோ மதுவோ பழக்கமுடையோரிடையே வாய்ப்புற்றால் நேரும் மரணம் இதனால் 34 விழுக்காடு குறைந்ததாக 2005இல் ‘லான்செட்’ வெளியிட்டது. 1933இல் நெய்யூரின் ஆய்வுரை வெளியான அதே இதழில் இச்செய்தியும் வந்தது கருதத் தக்கது.

புற்றுக்குள் பாம்பு உண்டோ இல்லையோ என்று இருட்டில் நின்று நடுங்குவோர்க்கு விளக்கேற்றிப் பார்ப்பதே வழி. மணலைப் பற்றிய கேள்விகளை ஊர் கூடி ஆள்வோரிடம் கேட்கட்டும். வீட்டிற்குள் நாம் செய்யக்கூடியது வேறு: செல்லத்திலிருந்து பாக்கையும் புகையிலையையும் அகற்றுதல், இரண்டு மூன்று வாரங்களில் ஆறாத புண்ணை மருத்துவரிடம் காட்டுதல், அவர் நன்று என்று சொன்னால் அச்சொல்லை நம்பி வீடு திரும்புதல். இம்மூன்றனுள் கடைசியே கடினமானது. அதற்கும் பயிற்சி வேண்டும். அருகிலிருப்போரின் பொறுமையும் வேண்டும்.